ஸபியா அனுப்பிய வெறும் தட்டு

இராஜத்துக்கு ரோஷம் அதிகம். அவள் இருக்கும் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். கேட்பதற்குத்தான் இப்போது தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஆள் இல்லை. பத்துக் காம்பராவில் எட்டு பூட்டிக் கிடக்கிறது. குடும்பங்கள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கட்டிய புது வீடுகளுக்குப் போய்விட்டன. புளத்கொகுபிட்டியவிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, ரப்பர் மலையை ஒட்டி நடந்தால் அந்தத் தோட்டம் வரும். அதன் பெயரை நான் சொல்லப் போவதில்லை. அவளே சொல்லட்டும், அதற்கு அவளுக்கு எவ்வளவு காலம் பிடித்தது என்பதுதான் இந்தக் கதை.

புருஷன் மூக்கையா காய்ச்சலில் போனபோது மகன் ஜனகனுக்கு ஆறு வயது. பையனைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டு இராஜம் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். திரும்பி வந்து ரப்பர் பால் வெட்டினாள், பென்ஷன் வாங்கினாள். ஜனகன் இப்போது கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். ஞாயிற்றுக்கிழமை கோல் எடுப்பான். லயம் இருக்கிற பள்ளத்தில் சிக்னல் கிடையாது. மகன் குரலைக் கேட்க அவள் மேலே ரப்பர் ஸ்டோர் வாசல் வரைக்கும் ஏற வேண்டும். மற்ற நாட்களில் அவள் பேசுவது கோழியோடுதான். கோழியும் எவ்வளவுதான் கேட்கும்?

அந்த வருஷம் சரஸ்வதி பூஜைக்கு வீட்டிலுள்ள ஆயுதங்களைச் சாமி முன்னால் வைத்தாள். பால்வெட்டுக் கத்தி, அரிவாள்மணை, டோர்ச் லைட், அதோடு குவைத்திலிருந்து கொண்டுவந்த மினிடிஸ்க் பிளேயர். உள்ளங்கைக்குள் அடங்குகிற பெட்டி அது. பிஸ்கட் அளவு சதுர உறைக்குள் ஒரு குட்டித் தட்டு அதில் போகும். பாட்டுக் கேட்கலாம், மைக்கைச் செருகினால் பேச்சையும் பதியலாம். வருஷா வருஷம் அது திருநீறும் குங்குமமும் வாங்கிக்கொண்டு மறுநாள் பெட்டிக்குள் போய்விடும். இந்த முறை துடைத்து வைக்கும்போது, “இதுல ரெண்டு பாட்டு ஏத்திக் கேட்டா என்னா?” என்று வாய்விட்டுச் சொன்னாள். வேண்டாமென்று சொல்ல வீட்டில் யாரும் இல்லாததால், மறுநாளே பஸ் ஏறிவிட்டாள்.

பஜாரில் றிஸ்மி போன் திருத்தும் கடை வைத்திருந்தான். நாற்பது வயதுக்காரன். இந்த ஜாதிப் பெட்டியை அவன் கண்டதே இல்லை. ஆனாலும் கையில் எடுத்தவுடன் முகம் மலர்ந்துவிட்டது.

“அக்கா, இவ்வளவு காலமாகியும் பேட்டரி வைக்கிற எடம் துருப்பிடிக்கல்லயே?”

“எங்கூட்டுல பேட்டரிய உள்ள விட்டு வைக்கமாட்டோம் தம்பி. அணைச்சா கழட்டிருவோம்.”

அது லயத்துப் பழக்கம். டோர்ச்சோ ரேடியோவோ, வேலை முடிந்த கையோடு பேட்டரி வெளியே வந்துவிடும். கொஞ்சம் இறங்கிவிட்டால் தகரத்தின்மேல் வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டுவார்கள்.

றிஸ்மி அவளை இரண்டு நாள் கழித்து வரச் சொன்னான். அவள் போனபோது, இணையத்தில் தேடிப் பிடித்த மெசின் புத்தகத்தை முழுக்கப் படித்திருந்தான். பழைய பாட்டேற்றும் சொப்ட்வெயார் அவனுடைய புது லெப்டொப்பில் ஏறவே மாட்டேன் என்றது. பிறகு யாரோ புண்ணியவான்கள் இலவசமாகச் செய்து வைத்திருந்த இன்னொன்றைத் திறந்தான். அது பிளேயரை அடையாளம் கண்டது; தட்டை மட்டும் காணவில்லை. ‘நோ டிஸ்க்’ என்றே திரை சொன்னது. மூடியைத் திறந்து உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்தான்.

“மாவு எதும் கொட்டினீங்களா அக்கா? லென்ஸெல்லாம் வெள்ளை.”

இராஜத்துக்கு வெட்கமாகப் போயிற்று. “தின்னூறு தம்பி. பூசைக்கு வச்சேன்.”

றிஸ்மி சிரித்துவிட்டு, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் சாமியின் அருளைத் துடைத்தெடுத்தான். இப்போது திரை மாறியது. ‘பிளாங்க் டிஸ்க்’.

“தட்டு வாசிக்குது. ஆனா உள்ள ஒண்ணுமில்ல. பாட்டு ஏத்தவா?”

“ஏத்துங்க. அது வெறுந்தட்டுதான். பதினெட்டு வருசமா எனக்குத் தெரியும்.”

அவன் பாட்டை அனுப்பினான். பூச்சியத்திலேயே நின்றது. வயர் லூஸ். எடுத்துச் செருகினான், மறுபடியும் பூச்சியம். வேறு வயர் தேடி மேசை லாச்சியைக் கிளறிக்கொண்டே, “வெறுந்தட்டை ஏன் அக்கா இவ்வளவு காலம் வச்சிருந்தீங்க?” என்று கேட்டான். சும்மா பேச்சுக்குத்தான் கேட்டான். அவளிடம் அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டு வருஷக்கணக்காகிறது. மடை திறந்த மாதிரி சொல்லத் தொடங்கினாள்.

குவைத்தில் அவள் வேலை செய்த வீட்டுக்குப் பின்வீட்டில் ஸபியா இருந்தாள். மாவனல்லைக்காரி. நடுவில் ஒரு மதில். துணி காயப்போடும்போது ஒரு சிரிப்பு, ஒரு கையசைப்பு, அவ்வளவுதான். சத்தம் கேட்டால் இரண்டு வீட்டு எஜமானி நோனாமாருக்கும் பிடிக்காது. எழுதிக் கொடுக்கலாமென்றால், ஸபியா படித்தது சிங்களத்தில். இராஜத்துக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். அந்தச் சமயத்தில் வீட்டுக்காரப் பையன் புதுசு வாங்கிக்கொண்டு இந்தப் பழைய பிளேயரையும் மைக்கையும் இரண்டு தட்டையும் அவளிடம் கொடுத்தான். இராஜம் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு ஒரு தட்டில் பேசுவாள். இன்னொன்றை அழித்து வெறுமையாக்குவாள், பதிலுக்கு. பிளேயர், மைக் எல்லாவற்றையும் துணிக் கிளிப் பைக்குள் போட்டு மதிலில் தொங்கவிடுவாள். ஸபியா கேட்டுவிட்டு, வெறும் தட்டில் பதில் பேசித் திருப்பி அனுப்புவாள். கறி தீய்ந்தது, நோனா ஏசியது, பிள்ளை ஞாபகம் வந்தது எல்லாம் அந்தப் பையில் போய் வந்தது. அந்த ஊரில் இராஜம் பைத்தியம் பிடிக்காமல் இருந்ததற்கு அதுதான் காரணம்.

“ஒரு நா காலையில பை வந்துச்சு தம்பி. அவ வரல. ஊருக்குப் போயிட்டாளாம், டிரைவர் சொன்னான். ஓடிப்போயி தட்ட போட்டுப் பாத்தா வெறுந்தட்டு. ஒரு வார்த்த பேசல. போறேன்னு சொல்ல வாய் வரலியா? ஆனா பேட்டரிய மட்டும் கழட்டி, டேப் போட்டு ஒட்டி அனுப்பியிருந்தா, மகராசி. அந்தக் கரிசனத்துக்குக் கொறச்சல் இல்ல.”

றிஸ்மியின் கை லாச்சிக்குள் அப்படியே நின்றது. பிறகு எழுந்து போய் வயரைப் பிடுங்கினான்.

“நல்ல காலம் பாட்டு ஏறல்ல. அக்கா, பேசி நிறுத்தினதும் இந்த மெசின் கொஞ்ச நேரம் எடுத்து, எது எங்க ஈக்குன்னு தட்டுல ஒரு பட்டியல் எழுதும். அது எழுத முந்தி பேட்டரியக் கழட்டினா பட்டியல் விழாது. பேச்சு இருந்தாலும் மெசின் வெறுந்தட்டுன்னுதான் செல்லும்.”

இராஜத்துக்கு இது சட்டென்று புரிந்தது. மலையில் நாள் முழுக்க வேலை செய்தாலும் செக்ரோல் ஏட்டில் பேர் விழாவிட்டால் வேலைக்கு வராத ஆள்தான். எத்தனை பேர் அதற்காகக் கணக்கப்பிள்ளையோடு சண்டை போட்டிருக்கிறார்கள்!

“அப்ப அவ பேசியிருக்காளா?” என்றாள்.

“தெரியல்ல. பேசியிருந்தா உள்ளுக்குத்தான் ஈக்கும். எடுக்கப் பாக்கலாம். ஆனா அதுக்கு இன்னொரு தட்டு வேணும். அத முழுக்க அழிக்கோணும்.”

இன்னொரு தட்டு வீட்டில் இருந்தது. இராஜம் கடைசியாகப் பேசி அனுப்பிய தட்டு. தன் பேச்சைத் தானே கேட்பானேன் என்று அதை அவள் ஒரு நாளும் போட்டுப் பார்த்ததில்லை. மறுநாள் கொண்டுவந்து கொடுத்தாள். “அழிக்க முந்தி ஒருக்காக் கேளுங்க” என்று றிஸ்மி காதுக்குழாயை நீட்டினான்.

குழாய்த் தண்ணீர் இரைச்சல். அதற்கு மேலே ஒரு இளம் பெண்ணின் அதிகாரக் குரல். தன் குரல்தான் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரமாயிற்று.

“இந்தா புள்ள ஸபியா, நீ அனுப்புறப்பல்லாம் பேட்டரி செத்து வருது. பைக்குள்ள அமுங்கி மெசின் தானா ஓடுது. இனிமே பேச்ச நிறுத்தின ஒடனே கழட்டு. நிக்காத, ஒடனே கழட்டு. வெளங்குதா ஒனக்கு?”

இராஜமும் பேட்டரியைக் கழற்றுகிறவள்தான். ஆனால் அவள் நிறுத்திவிட்டு, வயரைச் சுற்றி, மைக்கைத் துணியில் மடித்து, அதன் பிறகுதான் பேட்டரியைத் தொடுவாள். ஸபியா சொல்லுக்குக் கீழ்ப்படிகிறவள். ஒடனே என்றால் ஒடனே. பதினெட்டு வருஷமாக யாரைத் திட்டிக்கொண்டிருந்தோம் என்று நினைத்தபோது இராஜத்துக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. உட்கார்ந்தாள்.

“அழிங்க தம்பி. இந்த வாய் பேசினது போதும்.”

அதன் பிறகு இரண்டு வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. றிஸ்மி அழித்த அந்தத் தட்டு முழுக்க நிறைகிற அளவுக்குச் சத்தமே இல்லாத ஒரு பாட்டைச் செய்து ஏற்றினான். மெசின் அதற்குப் பட்டியல் எழுதப் போகிற நேரம், மூடி திறந்தது அதற்குத் தெரியாதபடி சின்ன சுவிட்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தட்டை மாற்றி ஸபியாவின் தட்டை உள்ளே வைக்க வேண்டும். மெசின் ஏமாந்தால், அந்தப் பட்டியலை இந்தத் தட்டில் எழுதிவிடும்; பிறகு தட்டு முழுக்க ஏதோ இருப்பதாக நம்பி, உள்ளதையெல்லாம் வாசிக்கும். மெசின் லேசில் ஏமாறவில்லை. ஒரு முறை சுவிட்ச் நழுவியது. ஒரு முறை கரண்ட் போனது. ஒரு முறை அவனுக்கே தும்மல் வந்துவிட்டது.

கடைசியில், பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் ரொட்டி விற்கும் ஆட்டோக்காரனிடம் சொல்லியனுப்பினான். ஆட்டோ லயத்துக்குக் கீழே நின்று பாட்டை நிறுத்திவிட்டு, “ராஜமக்கா, றிஸ்மி ஒங்கள வரச் சொன்னாரு. பேசுதாம்!” என்று கத்தியது. அவள் கோழிக்குத் தீனி வைக்காமலே கிளம்பினாள்.

“ராஜம், நான்தான். கேக்குதா?” என்றாள் ஸபியா, காதுக்குள். “நாளைக்கு விடியச் சாமம் என்னை ஊருக்கு அனுப்புறாங்க. வாப்பாக்குச் சொகமில்ல. ஒனக்கு முந்தியே செல்லல்ல, செல்லியிருந்தா நீ சாப்பிட மாட்டா. மாவனல்லையில பெரிய பள்ளிவாசலுக்குக் கீழ எங்கட தையல் கடை ஈக்கு. பச்சக் கதவு. ஊருக்கு வந்தா நீதான் வரோணும். ஒன்ட தோட்டத்துட பேர நீ ஒரு நாளும் செல்லல்லயே. கேட்டா கேகாலப் பக்கம்னு செல்லுவா. லயத்துல ஈக்குறது ஒனக்கு வெக்கமா? எனக்கென்ன? நான் எங்கன்னு வந்து ஒன்னத் தேடுறது? வா, சரியா. ஏசாத, நிறுத்தின ஒடனே பேட்டரியக் கழட்டுறன்.”

அதோடு நிற்கவில்லை. ஒரு சொடுக்கு, அதற்குப் பின்னால் பாதி வாக்கியத்திலிருந்து வேறொரு நாள். ஸபியா விழுந்து விழுந்து சிரிக்கிறாள்; மீன் பூனைக்குப் போன கதை. பிறகு இன்னொரு நாள், அவள் அழுகிறாள். யாராவது பிடித்துவிடுவார்களோ என்று பயந்து இராஜம் தன் கையால் அழித்த பதில்களின் மிச்சம் அவ்வளவும் அங்கேயே இருந்தது. அழிந்தது பட்டியல் மட்டும்தான்.

“போன்ல ஒரு கொப்பி போட்டுத் தரவா?” என்றான் றிஸ்மி. அவள் தலையை ஆட்டி மறுத்தாள். அவளுடைய பட்டன் போனுக்கு அதெல்லாம் சரிவராது. இந்தத் தட்டே போதும்.

மறுநாள் மாவனல்லைக்குப் போனாள். கேகாலையில் ஒரு பஸ் மாறியது, அவ்வளவுதான் தூரம். பதினெட்டு வருஷத்தில் எத்தனை தரம் கேகாலைக்கு மாத்திரை எடுக்க வந்திருக்கிறாள்! ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு என்பது சரியாகத்தான் இருக்கிறது.

கதவு இன்னும் பச்சையாகவே இருந்தது. தையல் மெசினில் குனிந்திருந்த பெண் நிமிர்ந்தாள். ஸபியாவின் அதே நெற்றி.

“யாரத் தேடுறீங்க?”

“ஸபியா…”

“உம்மா மவுத்தாகி நாலு வருசம். நான் மகள், ஸாஹிரா. நீங்க?”

ஸபியா இல்லை. இராஜம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். “குவைத்துல… பின் வீட்டுல…”

“ராஜமா நீங்க?” ஸாஹிரா எழுந்துவிட்டாள். “உம்மா செல்லுவாங்க, ராஜம் கோவிச்சிக்கிட்டா, அதான் வரல்லன்னு. என்ன கோவம்னுதான் அவங்களுக்குக் கடைசி வரைக்கும் தெரியல்ல.”

இராஜம் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். ஊர் பார்க்கிறது என்ற ரோஷமெல்லாம் அன்றைக்கு வேலை செய்யவில்லை. அழுது முடித்து, பிளேயரை எடுத்து ஸாஹிராவின் காதில் குழாயை வைத்தாள். அந்தப் பெண் கையில் ஊசியோடு அசையாமல் கேட்டாள். மீன் கதை வந்தபோது சிரித்துவிட்டாள். சிரித்தபடியே கண்ணீர் வழிந்தது.

“உம்மாட கொரல் எங்கக்கிட்ட ஒண்ணுமே இல்ல,” என்றாள்.

கேட்டு முடித்ததும் நிறுத்தினாள். அதே வேகத்தில் அவள் விரல் பேட்டரி மூடிக்குப் போனது. “எறங்கிடுமே, கழட்டி வைக்கவா? உம்மா எங்களுக்கு அப்பிடித்தான் பழக்கினது.”

இராஜம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “கொஞ்சம் பொறு மகள். அது எழுதி முடிக்கட்டும்.”

வெறுமனே கேட்டதற்கு எழுத ஒன்றுமில்லைதான். ஆனாலும் திரை தானாக அணையும்வரை இரண்டு பேரும் காத்திருந்தார்கள். பிறகு இராஜம் பேட்டரியை எடுத்துத் தனியாக வைத்து, வயரைச் சுற்றி, எல்லாவற்றையும் தையல் மெசின்மேல் வைத்தாள். ஸாஹிரா எவ்வளவு சொல்லியும் திரும்ப எடுக்கவில்லை.

வாசலில் இறங்கிச் செருப்பைப் போட்டவள், ஏதோ மறந்ததுபோல் திரும்பி நின்றாள்.

“கந்தேவத்தை தோட்டம்,” என்றாள். “கீழ் டிவிசன். லயத்துல கடைசிக் காம்பரா. ஒரு நாளைக்கு வா மகள்.”