நர்சம்மா கேட்ட இடம்

பிரெஞ்சுக்காரர்கள் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. நெல்லித்தோப்பில் எங்கள் கால்பந்து கிளப் ஜெயிக்க ஆரம்பித்ததும் மைதானத்தில் கூட்டம் நெருக்கியடித்தது. படிக்கட்டு வைத்த காலரி ஒன்று கட்டலாம் என்று முடிவாயிற்று. எவ்வளவு பெரியதாகக் கட்டுவது என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு செயலாளரான என் தலையில் விழுந்தது.

ஆட்டம் பார்க்க வரும் அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு பெண் இருந்தார். ஆஸ்பத்திரி நர்ஸ், ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சேலையில் ஓரமாக நிற்பார். எந்த அணி கோல் போட்டாலும் கறுப்புக் குடையைத் தூக்கி ஆட்டுவார். பெயர் தெரியாது, எல்லோருக்கும் நர்சம்மா.

"காலரி எவ்ளோ பெருசு தம்பி?" என்று ஒருநாள் கேட்டார்.

"இப்ப வர்ற கூட்டம் உக்கார்ற அளவுக்குத்தாம்மா."

"பொம்பளைங்களுக்கு?"

"நீங்க ஒருத்தர்தானே வரீங்க?"

"உக்கார எடமில்லன்னு அவங்க வரல. அவங்க வரலன்னு நீங்க எடம் போடல. யாரு மொதல்ல ஆரம்பிக்கிறது?"

பெண்களுக்கும் இடம் போடலாம் என்று எழுதிக் கொடுத்தேன். காலியாகக் கிடந்தால் ஊர் சிரிக்கும் என்று கமிட்டியில் சண்டை. பிடிவாதமாக நின்று ஒரு பக்கத்தைப் பெண்களுக்கென்று சேர்த்துக் கட்டவைத்தேன்.

முதல் ஆட்டத்துக்குப் பயந்துகொண்டேதான் போனேன். விசில் ஊதுமுன்பே அந்தப் பக்கம் நிரம்பிவிட்டது. பிரசவம் பார்த்துவிட்டுத் தாமதமாக வந்த நர்சம்மாவுக்கு இடமில்லை. என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"வேணாம் தம்பி. இத்தினி நாளா தனியா நின்னேன். இன்னிக்கி எடம் பத்தாம நிக்கிறேன்."

அப்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை, நாங்கள் கோப்பை வாங்கிய அன்றுகூட வேறு யார் முகத்திலும் நான் பார்க்கவில்லை.