தரங்கம்பாடியில் வாங்கிய வளையல்

என் தங்கை வீட்டுக்காரர் நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலைக்குச் சேர்வதற்கு முன் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர். ஒரு தடவை தரங்கம்பாடியில் ஏதோ கட்டடத்துக்குப் பெயின்ட் அடிக்கப் போய் ஒரு மாதம் தங்கிவிட்டு வந்தார். அதிலிருந்து அந்த ஊர்ப் பேச்சுத்தான். கோட்டை மேல் ஏறி நின்றால் கண்ணுக்கு எட்டுகிற வரை கடல், கடைத்தெருவில் விதவிதமாக வளையல், மீன் வறுவல் வாசனை தெருமுனை வரைக்கும் வரும் என்பார். தங்கையைக் கூட்டிப்போய்க் காட்டுவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். லீவு போட்டால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. போகவே இல்லை.

நைட் ஷிப்ட் முடிந்து வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். பிள்ளை இல்லாததால் அவருடைய பெரியப்பா மகன்தான் கொள்ளி வைத்தார்.

சாம்பலைத் தரங்கம்பாடியில்தான் கரைக்க வேண்டும், நானும் வருவேன் என்று தங்கை பிடிவாதமாக நின்றாள். தங்கை குடும்பம் இருந்தது அந்தப் பெரியப்பா வீட்டில்தான். அவருக்குப் பிடிக்கவில்லை.

"ஏம்மா, கடலூர்ல இல்லாத கடலா அங்க கீது? பொம்பள வர்ற வழக்கமும் இல்ல."

"அவரு சொல்லிகினே இருந்த ஊரு மாமா. நான் வருவேன்."

அழுதுகொண்டிருந்த பெண்கள் எல்லாரும் அவள் பக்கம் பேசியதால் விட்டுவிட்டார். வாடகைக் காரில் பெரியப்பா, அவர் மகன், தங்கை, நான். மண்கலயம் மகனின் மடியில் இருந்தது. நான் எப்போதும் போல ஜன்னல் ஓரம் ஒண்டிக்கொண்டேன். எனக்கு நாலு பேர் நடுவில் பேச வராது. தங்கைக்குக்கூட ஆறுதலாக அதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கரையில் பெரிய பெரிய கருங்கற்களைக் கொட்டிவைத்திருந்தார்கள். கற்களைத் தாண்டி இறங்கிச் சாம்பலைக் கரைத்தோம். காற்று எதிரே அடித்ததில் கொஞ்சம் எங்கள் மேலேயே வந்து விழுந்தது. தங்கை அதைத் தட்டிவிடவில்லை. எல்லாரும் தலை முழுகிவிட்டு ஏறியதும் பெரியப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, பதினாறாம் நாளுக்குப் பொடவ, பூவு, வளையலு எல்லாம் பொறந்த வூட்டு மொற. வளையல இங்கியே வாங்கிடு. ஒடைக்கறதுதான, மட்டமா பாத்து வாங்கு போதும்."

எங்கள் பக்கத்துக் கருமாதி அப்படித்தான். புதுப் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, கை நிறைய வளையல் அடுக்கி உட்காரவைப்பார்கள். பிறகு ஒவ்வொன்றாக எடுப்பார்கள். வளையலை உடைப்பார்கள். அண்ணன் வாங்கிக் கொடுப்பதைத்தான் உடைப்பார்கள்.

அவர் மெதுவாகப் பேசுகிற ஆள் இல்லை. தங்கை காதில் விழுந்துவிட்டது. அவள் கேட்காத மாதிரி, "அண்ணா, கோட்டையப் பாத்துட்டு வரலாம் வா" என்றாள். பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டு மகனோடு டீக்கடைக்குப் போனார்.

டிக்கெட் எடுத்து உள்ளே போனோம். கண்ணாடிப் பெட்டிகளில் பழைய பீங்கான், காசு, துருப்பிடித்த இரும்பு. பக்கத்தில் இருந்த எழுத்தை நான் கூட்டிக் கூட்டிப் படித்துச் சொன்னேன். அஞ்சாவதோடு நின்றவன், அவ்வளவுதான் முடியும். அவளுக்கு அது எதுவும் வேண்டியிருக்கவில்லை. மாடிக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஈரப் புடவை காற்றில் அடித்துக்கொண்டது. பக்கத்தில் ஒரு ஜோடி செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண், "அக்கா, கொஞ்சம் நவுந்துக்குங்களேன்" என்றது. நகர்ந்தாள்.

வெளியே சிப்பி மாலை, சங்கு, மாங்காய்ப் பத்தை விற்றார்கள். எதையும் தொடவில்லை. நேராக வளையல் கடைக்கு நடந்தாள். கடைக்கார அம்மா அவள் கையைப் பிடித்து அமுக்கிப் பார்த்தது.

"நல்ல மெத்துன்னு கை. கூட வந்திருக்கறது யாரு கண்ணு?"

"அண்ணன்."

"அண்ணங்காரரு வாங்கித் தர்றாரா? அப்ப வளைகாப்பா? எத்தினி மாசம்? வயிறே தெரியலயே!"

நான் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டேன். தங்கை, "கரும்பச்சையில எடுங்க. பொடி மின்னுமே, அது" என்றாள். இருந்ததிலேயே நல்லதாக எடுத்தாள். அந்த அம்மா பாட்டுப் பாடாத குறையாக ஒவ்வொன்றாக ஏற்றிவிட்டது. "தாயும் புள்ளயுமா ஒருவாட்டி வந்துட்டுப் போ" என்றது.

தெருவுக்கு வந்ததும் தங்கை சொன்னாள்: "இத ஒடைக்கறதுக்கு வாங்கல அண்ணா. நான் போயி அப்பிடி உக்கார மாட்டேன். என்னால அங்க சொல்ல முடியாது. நீ சொல்லு."

பேச வராத என்னிடம் போய்ச் சொன்னாள்.

காரில் ஏறும்போதே பெரியப்பா பார்த்துவிட்டார். "இன்னாம்மா இது? இப்பியே போட்டுகினு வந்துட்ட? கழட்டி வெய்யி." அவள் கையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். கார் சிதம்பரம் தாண்டியது. என் பக்கத்தில் அவள் மூச்சு விடுவது கேட்டது. பிறகு, "ஒடைக்க வேணாம் மாமா" என்றேன்.

"இன்னா சொன்ன?"

"தங்கச்சி கருமாதிக்கு உக்காராது. வேணாம்."

"வாயில்லாப் பூச்சின்னு நெனச்சேன், நல்லாத்தான் பேசற! ஊரு காறித் துப்பும். அதுக்கு மேல அவ எங்க வூட்டுப் படி ஏற வேணாம். நீயே வெச்சிக் கஞ்சி ஊத்து. ஊத்துவியா?"

"ஊத்துறேன்" என்றேன். என் வீடு ஒரே அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ். மனைவியும் இரண்டு பெண்களும் இருக்கிறார்கள். அதையெல்லாம் அந்த நேரத்தில் யோசிக்கவில்லை.

பெரியப்பா வீடு இருந்த முத்தாண்டிக்குப்பத்தில் கார் நின்றது. பெரியப்பாவும் மகனும் இறங்கினார்கள். கதவைத் திறந்தபடி அவர் நின்றார். "கடைசியா கேக்கறன். எறங்கறியா இல்லியா?" தங்கை இறங்கவில்லை. கட்டிய புடவையோடு என் வீட்டுக்கு வந்தாள்.

கருமாதியை அவள் இல்லாமலே செய்தார்கள். அன்றைக்கு அவளே தாலியைக் கழற்றி மஞ்சள் துணியில் சுற்றி வைத்தாள். வளையலைக் கழற்றவில்லை. என் மனைவிக்கு இது பிடிக்கவில்லை என்பது ராத்திரி அவள் திரும்பிப் படுத்துக்கொள்வதில் எனக்குப் புரிந்தது. தங்கை இப்போது மைன்ஸ் குவார்ட்டர்ஸில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறாள். சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கும் எங்களைக் கூப்பிடவில்லை.

அவளுடைய துணிமணிகளைப் பெரியப்பா மூட்டையாகக் கட்டி யாரிடமோ கொடுத்தனுப்பினார். அதில் அவள் வீட்டுக்காரர் போட்டோ இல்லை. அவர் செல்போனையும் அவர்களே வைத்துக்கொண்டார்கள். அவளிடம் வேறு படம் கிடையாது. போட்டோ மட்டும் வேண்டும் என்றாள். போனேன். வாசலில் நிற்கவைத்தே பேசினார் பெரியப்பா. "வளையல ஒடச்சிட்டு வந்து வாங்கிக்கச் சொல்லு."

வந்து சொன்னேன். மறைக்கத் தெரியவில்லை. குழாயடியில் குண்டானைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் கை நின்றது. கொஞ்ச நேரம் வளையலைப் பார்த்தாள்.

"இனிமே அங்க போயி நிக்காத அண்ணா" என்று சொல்லிவிட்டு, மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள்.