முதலில் திரும்பி வந்த நாற்றம்

மூக்கு போய்விட்டது என்று நான் சொன்னபோது என் வீட்டுக்காரர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். "இருந்த எடத்துலதானே இருக்கு?" என்றார்.

இருந்த இடத்தில்தான் இருந்தது. ஒரு வாரக் காய்ச்சல் வந்தது. போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. காப்பி வெறும் வெந்நீராகிவிட்டது. பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கில் வைத்தால், டப்பாவின் விளிம்பு சில்லென்று பட்டதே தவிர வேறொன்றும் தெரியவில்லை.

மற்றவர்களுக்கு இது வேடிக்கையாக இருந்தது. கந்தர்வக்கோட்டை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அக்கா, "நீ குடுத்து வச்சவ. இனி பஸ் ஸ்டாண்டு கக்கூஸுக்கு மூக்கப் பொத்தாமப் போகலாம்" என்றார். கட்டுமாவடியிலிருந்து மீன் கொண்டு வருகிற அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கூடையை மூடிவிட்டு, "ஒன் வீட்டுக்காரரு இருக்கும்போது வாரேன் ஆத்தா. மோந்து பாக்க முடியாத ஆளுக்கு மீன் வித்தா எனக்கே மனசு கேக்காது" என்று கிளம்பிவிட்டார். மனிதர்கள் போகிற போக்கில் சொல்லும் இந்த மாதிரிப் பேச்சுகளை மனதில் சேர்த்து வைப்பது என் வழக்கம். அன்றைக்கு மீன்கார அம்மா சொன்னது சுள்ளென்று பட்டது.

என் பிழைப்பே மூக்கில்தான் இருந்தது. வீட்டில் குழம்புப் பொடியும் ரசப் பொடியும் வறுத்து அரைத்துக் கொடுக்கிறவள் நான். பருப்பு சிவந்து காட்டிவிடும். மிளகாய் உப்பிக் காட்டிவிடும். மல்லி அப்படிப்பட்டதல்ல, கடைசிவரை முகத்தில் ஒன்றும் காட்டாது. பச்சை வாடை போய், மணம் எழும்பி, கருகத் தொடங்குவதற்குள் இறக்கியாக வேண்டும். இரண்டு மூச்சு விடுகிற நேரம்தான். அதை மூக்கு மட்டுமே சொல்லும். காய்ச்சலுக்குப் பிறகு நான் வறுத்த முதல் ஈடு ஒரு டீச்சர் வீட்டுக்குப் போயிற்று. போனில் அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை. "ரசம் ஊத்துனதும் எல்லாரும் எந்திரிச்சுப் போயி, அடுப்புல என்ன கருகுதுன்னு பாத்துட்டு வந்தாங்கக்கா" என்று மட்டும் சொன்னார். அன்றே வாணலியைக் கவிழ்த்து வைத்தேன்.

புதுக்கோட்டையில் காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் போனோம். "மூக்கு வெறும் வாசக்கதவும்மா. மோந்து பாக்குறது மூளைதான். அதுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கணும்" என்றார். நான்கு வாசனை, காலையும் மாலையும். கண்ணை மூடி, அந்த வாசனை முன்பு எப்படி இருந்தது என்று நினைத்துக்கொண்டே முகர வேண்டும்.

"செஞ்சா வந்துருமாங்க?"

"வரலாம்மா."

அந்த 'லாம்' என்கிற வாலைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

கிராம்பு, காப்பித்தூள், எலுமிச்சைத் தோல், தைல மர இலை. எங்கள் பக்கம் தைல மரத்துக்கா பஞ்சம்? என் வீட்டுக்காரர் மினி பஸ்ஸில் கண்டக்டர். பரீட்சை வைக்கிற வேலையை அவரே எடுத்துக்கொண்டார். துண்டால் என் கண்ணைக் கட்டி, ஒவ்வொரு டப்பாவாக நீட்டுவார். சரியாகச் சொன்னால் "ரைட் ரைட்", தப்பானால் வாயாலேயே ஒரு விசில். முதல் இரண்டு வாரம் வீட்டில் விசில் சத்தம்தான். மூன்றாவது வாரம் ஒரு நாள் நான்கையும் சரியாகச் சொன்னேன். துள்ளிக் குதிக்காத குறை.

"இரு புள்ள, இன்னொரு ஸ்டாப்பிங் இருக்கு" என்று ஐந்தாவதாக ஒன்றை நீட்டினார்.

இழுத்து முகர்ந்தேன். மெலிதாக வருகிற மாதிரி இருந்தது. "கிராம்புங்க. லேசாத்தான் வருது."

துண்டை அவிழ்த்தார். காலி டப்பா.

அப்புறம்தான் விஷயம் விளங்கியது. கிராம்பு டப்பா குலுங்கும். காப்பித்தூள் டப்பாவின் மூடி திறக்கும்போது கிரீச்சிடும். தோலுக்கும் இலைக்கும் வேறு ஏதோ அடையாளம். காது கேட்டுச் சொன்னதை மூக்கு சொன்னதாக மூளை கணக்குக் காட்டியிருக்கிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏம்புள்ள அழுகுற? நீ நல்லவதான். ஒன் மூளைதான் பிட் அடிக்குது" என்றார்.

மறுநாளிலிருந்து எல்லாவற்றையும் பஞ்சில் பொதிந்து, ஒரே மாதிரி டப்பாவில் வைத்தார். என் மார்க் பூஜ்யத்துக்கு இறங்கியது. ஆனாலும் அது பிட் அடிக்காத பூஜ்யம். காலையும் மாலையும் முகர்ந்துகொண்டே இருந்தேன்.

ஒரு காலை, கொல்லையில் வெந்நீர் அடுப்பு பற்றவைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதற்கு ஒரே முறைதான்: காலிப் பால் கவர் ஒன்று, அதற்கு மேல் சுள்ளி, ஒரு தீக்குச்சி. ஈர விறகுகூட மறு பேச்சில்லாமல் பிடித்துக்கொள்ளும். அன்றைக்குப் புகை முகத்துக்குத் திரும்பியது. ஏதோ குத்தியது. கண்ணில் இல்லை, மூக்கில். ரப்பர் செருப்பைத் தீயில் போட்ட மாதிரி, தொண்டையில் ஒட்டிக்கொள்கிற ஒரு கசப்பு.

நான் வாசலுக்கு ஓடினேன். "ஏங்க! நாறுதுங்க! நல்லா நாறுதுங்க!"

வாயில் பிரஷ்ஷோடு வந்தார். "எதுடி நாறுது?"

"நம்ம அடுப்பு!"

அவர் முகர்ந்து பார்த்தார். "எப்பயும் போலத்தான இருக்கு?"

ஆனாலும் பரீட்சையை விடவில்லை. கொல்லையிலேயே என் கண்ணைக் கட்டி, வெறும் சுள்ளியையும் பால் கவரையும் வரிசை சொல்லாமல் கலந்து கொளுத்தினார். ஆறுக்கு ஆறும் சரி. மனிதர் சந்தோஷத்தில் பஸ் விசிலையே எடுத்து வந்து நீளமாக ஊதிவிட்டார். சத்தம் கேட்டு பக்கத்து வீட்டு மதினி சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார். "என்னங்க மதினி, காலங்காத்தால கண்ணாமூச்சி?"

"எனக்கு மூக்கு வந்துருச்சு மதினி! பால் கவர் பொகை நாறுது!"

"அட சாமி!" என்று சிரித்தார். சிரிப்பு முடிந்ததும், "இப்பத்தான் ஒங்களுக்கு நாறுதா?" என்றார்.

நான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரோரம் போனேன்.

"எங்களுக்கு அதுதான் மதினி அலாரம். பொகை வந்தா எந்திரிச்சு ஜன்னலச் சாத்திருவேன். சின்னவளுக்கு இழுப்பு இருக்குல்ல."

"இத்தன வருசம் ஒரு வார்த்த சொல்லலையே?"

"எப்புடிச் சொல்றது? நானும்தான் கவர் போடுறேன். காத்து ஒங்க பக்கம் அடிக்கிற அன்னைக்கு."

அந்தப் பேச்சையும் சேர்த்து வைத்துக்கொண்டேன். காய்ச்சல் என்னிடமிருந்து பறித்தது சில வாரத்து வாசனைதான். இந்தப் புகையின் நாற்றம் அதற்குப் பல வருடம் முன்பே, காய்ச்சல் இல்லாமலேயே, பழகிப் பழகியே என்னை விட்டுப் போயிருந்தது. அது அடுத்த வீட்டுக் குழந்தையின் நெஞ்சில் போய் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியவில்லை.

நானும் மதினியும் அன்றே பேசி முடித்தோம். பற்றவைக்க இனி முந்திரிச் சருகும் தென்னம் பன்னாடையும்தான். பால் கவரைக் கழுவிக் காயவைத்து, பழைய பிளாஸ்டிக் எடுக்க வருகிறவரிடம் போட்டுவிடுகிறோம். சருகு அள்ளி வைக்காத நாளில் தண்ணீர் சூடாக நேரமாகும். "வெந்நி ஒரு டிரிப்பு லேட்டு" என்று என் வீட்டுக்காரர் முணுமுணுப்பார். முணுமுணுத்துவிட்டுக் குளிப்பார்.

அதற்குப் பிறகு வாசனைகள் ஒவ்வொன்றாக வந்து இறங்கின. முதலில் தைல இலை, பிறகு எலுமிச்சை, கிராம்பு. காப்பி கடைசியாக வந்தது. டீச்சருக்கு நானே போன் செய்தேன். "ரசப் பொடி வேணுமாங்க?" ஒரு நொடி யோசித்துவிட்டு, "குடுங்கக்கா" என்றார்.

வாணலியை நிமிர்த்தி மல்லியைப் போட்டேன். இவர் பின்னாலேயே நின்றார்.

"எறக்கு புள்ள, கருகிறப் போகுது."

"பேசாம இருங்க. பச்ச வாடை இன்னும் போகல."

"போன தடவையும் இப்புடித்தான் சொன்ன."

"போன தடவ நான் ஒண்ணுமே சொல்லல. இப்ப மூக்கு சொல்லுது."

கரண்டி ஓடிக்கொண்டே இருந்தது. பச்சை வாடை மெலிந்தது. அது விட்ட இடத்தில் மணம், முதலில் இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி, அடுத்த மூச்சில் அடுப்படி முழுக்க. தீயை அணைத்துவிட்டு முறத்தில் கொட்டினேன்.

இவர் முறத்தின் மேல் குனிந்து முகர்ந்தார். "ரைட்" என்றார். நான் அடுத்த ஈட்டை வாணலியில் போட்டேன்.