ஜெபராஜ் சார் கேட்காத மன்னிப்பு

ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி புதன்கிழமை காலை வந்தது. "நம் கல்லூரியின் முன்னாள் துணை முதல்வர், கணிதப் பேராசிரியர் ஜெபராஜ் இன்று காலமானார். அடக்கம் நாளை மாலை மூன்று மணி." அதற்குக் கீழே முதலில் வந்த பதில், "நாளைக்கு லீவா?" என்பது. போட்டவர் உடனே அழித்துவிட்டார். அதற்குள் நான் படித்துவிட்டேன். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சாரோடு வேலை பார்த்த பலரிடமும் அவருக்காக மிஞ்சியிருந்த துக்கம் அவ்வளவுதான்.

கல்லூரி மலருக்கு அவரைப் பற்றி எழுதச் சொல்லி என்னைக் கேட்டார்கள். பக்கத்து அறையில் இருந்த தமிழாசிரியை, நாலு நல்ல வார்த்தை எழுதித் தருவாள் என்று நினைத்திருப்பார்கள். நல்ல வார்த்தைகளையெல்லாம் போதகர் கல்லறைத் தோட்டத்திலேயே சொல்லி முடித்துவிட்டார். நான் நடந்ததை எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு விழாவில் பேசினேன். கைதட்டல் பலமாக இருந்தது. மேடையை விட்டு இறங்கியதும் சார் வந்தார். "உங்க தமிழ்ல நல்லா மழை பெய்யுதுங்க மேடம். தரைதான் நனையல" என்றார். சிரிக்கவில்லை. அன்று கழிவறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு அழுதேன். வீட்டுக்குப் போய் என் பேச்சை மறுபடி படித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரியாக இருந்தது. அதுதான் அவரிடம் தாங்க முடியாதது.

எங்களுடையது சின்னக் கல்லூரி. காலையில் மணி அடித்ததும் எல்லோரும் சிற்றாலயத்தில் கூடுவோம். நான் கிறிஸ்தவள் இல்லை. என்றாலும் லுத்தரன் கல்லூரியில் சம்பளம் வாங்குகிற எவருக்கும் முதலில் பழகுகிற சொல் கிருபை. மனிதன் தன் செயலால் மீட்கப்படுவதில்லை, கிருபையால்தான் என்று வாரம் தவறாமல் கேட்போம். சார் அந்தப் பாட்டுகளைக் கனத்த குரலில், கண்ணை மூடிக்கொண்டு பாடுவார். பாடி முடித்து நேராக அலுவலகத்துக்குப் போய் வருகைப் பதிவேடுகளைத் திறப்பார். வருகையும் தேர்வும் அவர் பொறுப்பு. ஒரு மாணவனுக்காக நான் ஒருமுறை, "கொஞ்சம் கிருபை காட்டக் கூடாதா சார்?" என்று கேட்டேன். "கிருபை கோயிலுக்குள்ளதாங்க மேடம். இங்க எழுபத்தஞ்சு சதவீதம்" என்றார்.

என் வகுப்பில் கலைச்செல்வி என்று ஒரு பெண் இருந்தாள். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வருவாள். அப்பாவுக்கு இங்கே செராமிக் கம்பெனி ஒன்றில் சூளை வேலை. மூன்றாமாண்டில் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்து ஒரு மாதம் வரவில்லை. மருத்துவச் சான்று இல்லாததால் தேர்வு எழுத முடியாத நிலை. அவளுடைய அப்பா வேலை உடுப்போடு, புருவத்தில் வெள்ளைத் தூசியோடு சார் அறை வாசலில் வந்து நின்றார். நானும் கூட நின்றேன்.

"பொண்ணு பொய் சொல்லலீங்க ஐயா. டாக்டருகிட்ட போவல. வூட்டுலயே கீழாநெல்லி அரைச்சிக் குடுத்தோம்."

சார் நிமிர்ந்து பார்த்தார். "கீழாநெல்லி கையெழுத்துப் போடுமா?"

அந்த மனிதர் பதில் தேடுவதுபோல் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். கலைச்செல்வி தேர்வு எழுதவில்லை. அடுத்த தை மாதம் ஸ்ரீமுஷ்ணத்தில் கல்யாணம் செய்து கொடுத்துவிட்டார்கள்.

கலைச்செல்வியின் அப்பா வந்துபோன இரண்டு வாரம் கழித்துத்தான் ரூத்தின் சான்று வந்தது. ரூத் சாருடைய ஒரே மகள். அதே வகுப்பில் படித்தாள். அவளுக்கும் அந்தப் பருவத்தில் காமாலை. தாயில்லாப் பெண். சார்தான் கஞ்சி காய்ச்சி, ஆற்றி, ஊட்டிவிட்டு வருவார். டாக்டரின் சான்று அவளிடம் இருந்தது. ஆனால் கொடுக்க வேண்டிய நாளுக்கு மூன்று நாள் தாமதம். சார் அதை வாங்கவில்லை.

நான் ஒரு காரியம் செய்தேன். பதிவேட்டில் அவளுக்கு வருகை என்று சில நாள்களைத் திருத்தினேன். சார் அன்று மாலையே கண்டுபிடித்தார். ஆசிரியர் கூட்டத்தில், முதல்வர் முன்னால், பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"ரூத்துக்குத் திருத்தினீங்க. சூளைக்காரர் பொண்ணுக்கு ஏன் மேடம் திருத்தல?"

என்னிடம் இருந்த பதில் வெளியே சொல்லக்கூடியதாக இல்லை. கூட்டம் முடிந்து வெளியே வந்து, "வூட்ல கூட இருந்து பாத்தது நீங்கதானே சார்? தேதியை ஞாபகப்படுத்தியிருக்கலாமே" என்றேன்.

"கலைச்செல்விக்கு யாரு ஞாபகப்படுத்தினா?"

இரண்டு பெண்களையும் மன்னித்திருக்கலாம். அவர் இருவரையும் தண்டித்துவிட்டு அதற்கு நியாயம் என்று பெயர் வைத்தார். ரூத் அந்த மாதமே சென்னையில் சித்தி வீட்டுக்குப் போனாள். அங்கேயே படித்தாள், வேலைக்குப் போனாள், கல்யாணமும் செய்துகொண்டாள். பத்திரிகை எனக்கு வந்தது. சாருக்கு வரவில்லை.

கடைசி வருடம் அவருக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்ப்பேன். போன மாதம் ஒரு நாள், "ரூத் நம்பர் இருக்குதுங்களா?" என்று கேட்டார். இருந்தது. "வரச் சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான். தயவுசெய்து என்றுகூடச் சொல்லவில்லை.

ரூத்தை அழைத்தேன். நான் சொன்னதை முழுவதும் கேட்டாள். "அவருக்கு உடம்பு சரியில்லைங்கறதுக்கு சான்று இருக்குதா மேடம்?" என்றாள். "இருந்தா அனுப்புங்க. நாள் தாண்டிடுச்சான்னு பாக்கறேன்."

அடுத்த ஞாயிறு சார், "என்ன சொன்னா? அப்படியே சொல்லுங்க" என்றார். அப்படியே சொன்னேன். உண்மையைத்தான் கேட்டார் என்பதால் சொன்னேனா, கழிவறையில் அழுத நாளுக்கும் அந்தக் கூட்டத்துக்கும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தேனா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. சொல்லும்போது என் குரல் நடுங்கவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

சார், "சரியாத்தான் கேட்டிருக்கா" என்றார்.

"அவ வந்திருந்தா மன்னிப்புக் கேட்டிருப்பீங்களா சார்?"

"எப்படிக் கேக்கறது? மொதல்ல சூளைக்காரர் பொண்ணுகிட்ட இல்ல கேக்கணும். அப்புறந்தான் இவ."

அதற்குப் பிறகு அவரை உயிரோடு நான் பார்க்கவில்லை.

அடக்கத்துக்கு ரூத் வரவில்லை. மறுநாள் காலை போன் செய்தாள். "நான் சொன்னத அவர்கிட்ட சொல்லிட்டீங்களா மேடம்?" அவள் மூச்சு எனக்குக் கேட்டது. "இல்லம்மா. அதுக்குள்ள நினைவு தப்பிடுச்சி" என்றேன். அவள் அழுதாள். நன்றி சொன்னாள்.

போன ஞாயிறு ஸ்ரீமுஷ்ணம் போனேன். கலைச்செல்வி வாசலில் தையல் மிஷின் போட்டிருந்தாள். என்னை உடனே அடையாளம் கண்டு உட்காரச் சொன்னாள். சார் இறந்ததையும் அவர் சொன்னதையும் சொன்னேன்.

"அவரு வந்து கேட்டாரா, கேக்கணும்னு சொன்னாரா?"

"சொன்னாரும்மா."

"அது எனக்கு எதுக்குங்க மேடம்? எங்கப்பா உங்களப் பாத்தாரு. நீங்க செவுத்தப் பாத்தீங்க. சாவற வரைக்கும் அதத்தான் சொல்லிக்கினு இருந்தாரு." டீ கொடுத்தாள். குடித்தேன். "போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு மிஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.

ரூத், இந்த மலர் உனக்கும் வரும். அன்று போனில் நான் சொன்னது பொய். உன் அப்பா நல்ல நினைவோடு இருந்தார். நீ சொன்னதை ஒரு சொல் விடாமல் கேட்டார், சரி என்றார். மன்னிப்புக் கேட்கும் வரிசையில் உன்னை இரண்டாவதாகத்தான் வைத்திருந்தார்.

உன்னை அந்தப் பொய்யோடு நிம்மதியாக இருக்க விட்டிருக்கலாம். என்னால் முடியவில்லை. இருபது வருடம் அவர் பக்கத்து அறையில் இருந்து நான் எடுத்துக்கொண்டது இந்த ஒன்றைத்தான். வேறு எதையாவது எடுத்திருக்கலாம்.