கேட்கப்படாத ஆள்

சாய்ந்தமருது றிபாயாவுக்குக் கேள்வி கேட்பதுதான் பிழைப்பு. சுனாமியில் கடல் வந்து புருஷனைக் கொண்டுபோனது. விதவைக்குரிய இத்தா இருந்து முடித்த கையோடு, கல்முனையில் புதிதாக முளைத்த வீடமைப்பு நிறுவனமொன்றில் சேர்ந்தாள். கூடாரம் கூடாரமாகப் போய், யார் மௌத்தானது, எத்தனை பேர் மிச்சம் என்று ஊரார் துக்கத்தைக் கேட்டு எழுதியே இரண்டு பெண்பிள்ளைகளை வளர்த்தாள்.

முகாமையாளர் சாலிஹ் ஊருக்கு நல்ல மனிதர். வீடு கொடுத்தவர் அல்லவா. அந்த நல்ல மனிதர் பொத்துவில் பாதையில் தானே வாகனம் ஓட்டுவார். பெண் ஊழியரை முன் சீற்றில் இருத்துவார். கியர் மாற்றப் போன கை அவளுடைய தொடைக்கு வரும். ஒரு தரம் என்றால் தவறு எனலாம். நாலு வருஷமாகவா ஒரு மனிதனுக்குக் கியர் எங்கே இருக்கிறதென்று தெரியாது? றிபாயா பல்லைக் கடித்துக்கொண்டு கதவோடு ஒட்டி இருந்தாள். வருஷா வருஷம் அவளுடைய வேலையை நீடிக்கக் கையொப்பம் வைப்பதும் அதே கைதான்.

யுத்தம் முடிந்த வருஷம் கொழும்புத் தலைமையகம் திடீரென்று விழித்துக்கொண்டது. வேலைத்தளத்தில் பெண்களுக்குத் தொல்லை உண்டா என்று எல்லாக் கிளைகளிலும் கேட்க வேண்டுமாம். கேட்கிற வேலை றிபாயாவின் தலையில் விழுந்தது. அவளுக்கு மனமில்லை. ஆனாலும் கேட்டாள். ஒவ்வொருத்தியும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "ஒண்டுமில்ல ராத்தா" என்றாள்.

கடைசி ஆள் காரைதீவுத் தர்சினி. வேலைக்குப் புதிது. ஒரு தரம் சாலிஹோடு திருக்கோவிலுக்குப் போய்வந்து, அன்று முழுக்க யாரோடும் கதைக்காமல் இருந்தவள். அடுத்த கிழமை அறுகம்பேக்கும் அவரோடு அவள்தான் போக வேண்டும்.

"உனக்கு ஏதும் கரைச்சல் இருக்கா புள்ள? பயப்புடாமச் சொல்லு."

"நீங்க சொன்னீங்களாக்கா?" என்று தர்சினி திருப்பிக் கேட்டாள். "எல்லாருக்கும் தெரியும். நீங்களே வாயத் தொறக்கல்ல. நான் எப்பிடிச் சொல்லுற?"

றிபாயாவுக்குச் சுரீரென்றது. பிள்ளை மேல் வந்த கோபம், வந்த வேகத்திலேயே தன் மேல் திரும்பியது.

முடிவைக் கேட்கக் கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி அம்மா வந்தார். பக்கத்தில் சாலிஹ், தேத்தண்ணி கொண்டுவரச் சொல்லிக்கொண்டு, சிரித்த முகத்தோடு. ஊழியர் எல்லோரும் சுற்றிவர இருந்தார்கள்.

"அப்ப இந்தக் கிளையில ஒரு முறைப்பாடும் இல்ல. சந்தோசம்," என்றார் அம்மா.

"ஒராளக் கேக்கல்ல மேடம்," என்றாள் றிபாயா.

"ஆர்?"

"என்னைத்தான்."

அம்மா சிரித்தார். "நீங்க கேக்கிற ஆள். உங்களச் சேர்க்கிறதில்ல. அதுதான் ஒழுங்கு."

அந்தச் சிரிப்பைத்தான் றிபாயாவால் தாங்க முடியவில்லை. "அப்ப நான் இனிக் கேக்கிற ஆள் இல்ல," என்று எழும்பிப் போய்ப் பேனையைத் தர்சினியின் கையில் வைத்தாள். "நீ கேளு புள்ள. என்னட்டக் கேளு."

சாலிஹின் முகம் கறுத்தது. "றிபாயா, இதெல்லாம் பிறகு கதைப்பம்."

"இரிங்க. உங்களுக்கு முன்னுக்குத்தான் சொல்லோணும்."

தர்சினி பேனையைத் திறந்தாள். குரல் நடுங்கவில்லை. "இந்த வேலையில உங்களுக்கு ஆராவது கரைச்சல் தந்தாங்களா?"

"ஓம்."

"ஆர்?"

"சாலிஹ்," என்றாள் றிபாயா. நாலு வருஷத்தில் முதல் தரமாக அந்தப் பெயருக்குப் பின்னால் அவள் 'சேர்' போடவில்லை.

தர்சினி எழுதினாள். எழுதிவிட்டுப் பேனையைத் திருப்பி நீட்டினாள்.

"இனி என்னட்டக் கேளுங்கக்கா."