அப்பா என்னை வெட்டுவேன் என்று சொன்னது பொய்

அப்பாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து, இந்த அஞ்சலி மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் ஊராருக்கும் வணக்கம். அவருடைய ஒரே மகன், லண்டனிலிருந்து வெட்கத்தோடு எழுதுகிறேன்.

திருவொற்றியூர்க் குப்பத்தில் பிறந்த அப்பா, பன்னிரண்டு வயதில் கடலுக்குப் போனவர். எண்ணூர்ப் பக்கம் வலையில் மீனுக்குப் பதில் எண்ணெய்க் கசடு ஏறிய நாட்களிலும் எங்களைப் பட்டினி போட்டதில்லை. கோபம் வந்தால் கத்துவார். கை ஓங்கியதே இல்லை. ராயபுரத்துக் கிறிஸ்தவப் பெண்ணை இங்கே கட்டிக்கொண்டதைப் போனில் சொன்னபோது, "நம்ம வூட்டு மீன் கொழம்பு துண்ணுமா? அப்பறம் இன்னாடா பேஜாரு?" என்று சிரித்தார்.

என் படிப்பு விசா முடிந்தது. நாடு கடத்திவிடுவார்களோ என்ற பயத்தில் புகலிடம் கேட்டு மனுப் போட்டேன். வேறு மதத்தில் பெண் எடுத்ததற்காக என் தந்தை என்னைக் கொன்றுவிடுவார் என்று அதில் எழுதினேன். ஆதாரம் கேட்டார்கள். கொஞ்சமும் கூசாமல் அப்பாவிடமே கேட்டேன்.

"வெட்டுவேன்னு எழுதணும், அவ்ளோதான நைனா? எழுதிட்டாப் போச்சு" என்றார்.

ஊர்ப் பஞ்சாயத்து முத்திரையும் வேண்டும் என்றேன். அது சும்மா கிடைக்குமா? ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று, "அவன் இந்த மண்ண மிதிச்சா வெட்டிப் போட்ருவேன்" என்று அப்பா சொன்னார். நீங்கள் நம்பினீர்கள். உங்கள்மேல் குற்றமில்லை. "பெத்த புள்ளயவே வெட்றேன்றான், இவன்கூட எவன் கடலுக்குப் போவான்?" என்று கூட்டாளிகள் விலகினார்கள். கடைசி வருடங்களில் அப்பா கரையில் தனியாக உட்கார்ந்து கூலிக்கு வலை தைத்தார். உண்மையைச் சொல்லும்படி அம்மா கெஞ்சியபோது, "வாய வுட்டா அவன் கதி அதோகதிதான்" என்றாராம்.

அவர் இறந்த அன்று கிளம்பத் துடித்தேன். அம்மா, "வராத நைனா. நீ வந்துட்டா அவரு பட்டதெல்லாம் வீணாப்பூடும்" என்று அழுதார். வீடியோ காலில்தான் பார்த்தேன். "வெட்றேன்னவனுக்கு எந்தப் புள்ள வருவான்?" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அப்போதே கத்திச் சொல்லியிருக்க வேண்டும். போனை அணைத்துவிட்டேன். சீ, நானும் ஒரு பிள்ளை!

அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட அக்காவுக்கும், எனக்குப் பதிலாகக் கொள்ளி வைத்த மாமாவுக்கும், மனத்தாங்கல் இருந்தும் பாடைக்குத் தோள் கொடுத்த ஊராருக்கும் என் நன்றி.

மனு இன்னும் விசாரணையில் இருக்கிறது. இந்தக் கட்டுரையின் ஒரு பிரதியை என் வக்கீலுக்கும் அனுப்பிவிட்டேன்.