கால் வீங்கியதா என்று கேட்டபோது

குழந்தைக்கு மூன்றாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. துணி காயப்போடும் கம்பிவரை வாளியைத் தூக்கிக்கொண்டு போவதற்குள் எனக்கு மூச்சு முட்டியது. பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொள்ளும் டிரஸ்ஸரும் அதையே சொல்லி, ரத்தம் ஊற மாத்திரை கொடுத்தார். ஒரு மாதம் விழுங்கினேன். அதன் பிறகு வாளி இல்லாமலே மூச்சு முட்டியது.

அப்போது சிடாம் கிரிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருந்தோம். என் கணவர் அங்கே கிராணி (கணக்கர்). சுங்கை பட்டாணியில் எடுத்த எக்ஸ்ரேயில் இதயத்தின் வலப்புறம் பெருத்துத் தெரிகிறது என்று எங்களைப் பினாங்குக்கு அனுப்பினார்கள். அங்கே எக்கோ (ஒலி அலைகளால் இதயத்தைப் படம் பிடிப்பது) எடுத்தார்கள். வலியில்லை. ஆனால் படம் எடுத்தவர் நெஞ்சில் ஓரிடத்திலேயே கருவியை நெடுநேரம் வைத்திருந்ததுதான் என்னைப் பயமுறுத்தியது.

டாக்டர் ஒரு சீனப் பெண்மணி. நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாய்களில் அழுத்தம் கூடியிருப்பதுபோல் தெரிகிறது என்றார். ஏன் கூடியது என்பதை எக்கோ சொல்லாதாம். மேற்கொண்டு பார்க்கக் கோலாலம்பூருக்குப் போக வேண்டும். ஆனால் எந்தப் பரிசோதனை முதலில் என்பதை என் கதையை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும் என்று சொல்லிவிட்டு, மலாயில் வரிசையாகக் கேட்டார். பதில்களை என் கணவர் சொன்னார். எங்கே போனாலும் அவர்தான் பேசுவார்; எனக்கும் அது பழகிவிட்டது.

“காக்கி பெங்காக்கா?” பிரசவத்துக்குப் பிறகு கால் வீங்கியதா என்று கேட்டார்.

“தக் அடா, டாக்டர்,” என்றார் என் கணவர். இல்லையாம்.

அவர் பொய் சொல்லவில்லை. பிரசவத் தீட்டு என்று அந்த நாற்பது நாளும் அவர் அறை வாசலில் நின்று பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போனவர். இரண்டாம் வாரம் என் இடது கெண்டைக்கால் வீங்கிச் சுட்டது. அத்தை, என் கணவரின் அம்மா, நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் கொடுத்து, எழுந்திருக்கவே விடாமல் பார்த்துக்கொண்டார். வீக்கம் வடிந்தது. அதை இப்போது சொன்னால் அத்தையைக் குறை சொன்னதுபோல் ஆகிவிடாதா? நான் வாய் திறக்கவில்லை. டாக்டர் கடிதம் எழுதிக் கொடுத்தார். முதலில் குழாய்ப் பரிசோதனை (தொடை ரத்தக்குழாய் வழியாக இதயம்வரை மெல்லிய குழாய் செலுத்தி அழுத்தத்தை அளப்பது).

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். கால் வீங்கியதைக் கணவரிடம் சொன்னேன்.

“வீங்குச்சா? எங்கிட்ட ஏன் சொல்லலே?”

“அத்தை பார்த்துக்கிட்டாங்க. நீங்க உள்ளே வரலியே.”

“டாக்டர் கேட்டப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்லா.”

“நீங்கதான் பதில் சொல்லிட்டீங்களே.”

அவர் கடிதத்தைப் பிரித்துப் பார்த்தார். “எழுதிக் குடுத்துட்டாங்க. இப்பப் போயி மாத்தச் சொன்னா என்ன நினைப்பாங்க?” என்றார். எனக்கும் அதே கூச்சம்தான். இருந்தும் எழுந்து கதவைத் தட்டினேன். பள்ளியில் படித்த ஆங்கிலத்தில், எந்தக் கால், எத்தனை நாள், எவ்வளவு சூடு என்று நானே சொன்னேன்.

டாக்டர் கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதினார். காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்திருக்கலாம். அப்படியானால் நுரையீரல் ஸ்கேன் (ரத்தக்குழாயில் சிறிதளவு கதிர்வீச்சு மருந்து ஏற்றி, ரத்தம் எங்கே போகவில்லை என்று காட்டும் படம்) முதலில் போதும், குழாயைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். கடிந்துகொள்ளவில்லை. மருந்து ஏற்றிய பின் ஒரு நாள் தாய்ப்பால் கொடுக்கக் கூடாது, கறந்து கொட்டிவிட வேண்டும் என்று மட்டும் எச்சரித்தார்.

நான் இரண்டு நாள் கொட்டினேன். கோலாலம்பூரில் உறவினர் வீட்டில் அத்தை புட்டிப்பாலை வைத்துக்கொண்டு போராடினார். பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதது. ஒரு நாள் போதும் என்று சொன்னவர்களை நம்பியிருக்கலாமோ, மூன்று நாள் கொட்டியிருக்க வேண்டுமோ என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

படத்தில் இரண்டு நுரையீரலிலும் ரத்தம் போகாத இடங்கள் தெரிந்தன. ரத்தம் உறையாமலிருக்க முதலில் ஊசி, பிறகு மாத்திரை. அதன் அளவு சரிதானா என்று பார்க்க அடிக்கடி ரத்தம் கொடுத்தேன். மறு வருடம் எடுத்த எக்கோவில் இதயத்தின் வீக்கம் குறைந்திருந்தது. முழுதாகப் போகவில்லை. குழாய்ப் பரிசோதனை இனியும் தேவைப்படலாம் என்கிறார்கள்.

இதே நோய் என்ற சந்தேகத்தோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்குச் சொல்ல எனக்கு ஒன்றுதான் உண்டு. எந்தப் பரிசோதனை முதலில் என்பதை டாக்டர்தான் டாக்டர்தான் முடிவு செய்வார். ஆனால் உங்கள் வாயிலிருந்து வருவதை வைத்துத்தான் செய்வார். அற்பமாகத் தோன்றுவதையும் சொல்லிவிடுங்கள். யார் மனம் நோகுமோ என்று பார்க்காதீர்கள். டாக்டரிடம் கால் வீக்கத்தைச் சொன்னதை அத்தையிடம் நான் ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னேன். “காலைப் பார்த்தவ நானு. என்னையும் கூட்டிட்டுப் போயிருந்தா அப்பவே சொல்லியிருப்பேனே,” என்றார், அவ்வளவுதான்.

இப்போது நான் படியேறும்போது இரண்டு படிக்கு ஒருமுறை நிற்கிறேன். முன்பு கீழ்ப்படிக்கும் மேல்படிக்கும் நடுவில் நேரம் என்று ஒன்று இருந்ததே தெரியாது. மேலே போய்ச் சேர்ந்துவிடுவேன். இப்போது ஒவ்வொரு நிற்றலும் ஒரு தனிப்பொழுது. நெஞ்சு அடிப்பதைக் கேட்டு, அது அடங்கிய பிறகே காலை எடுக்கிறேன்.

என் மகள் ஓடத் தொடங்கிவிட்டாள். தரையில் அவளைப் பிடிக்க முடியாது. படி வந்தால் மட்டும் இரண்டு ஏறி நின்று, கம்பியைப் பிடித்து, எதையோ உற்றுக் கேட்பதுபோல் தலையைச் சாய்த்துக் காத்திருக்கிறாள். படி ஏறுவது என்றால் இதுதான் என்று நினைத்திருக்கிறாள். நானும் அவளோடு நின்றுகொள்கிறேன்.